ரஜூலாவின் கூடப்பிறந்த கப்பல்

ஏறும்போது ஆறு பேர், இறங்கும்போது அஞ்சு பேர்.

எங்கள் அப்பாயி கப்பல் கதையை இந்த வரியில்தான் ஆரம்பிப்பார். 1937ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, பிள்ளைகள் நாலு பேர். ஊரிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பாப்பாக்கோயில் டிப்போவில் சில நாள் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, படகில் போய் கரைக்கு எட்டத்தில் நின்ற ரஜூலா கப்பலில் ஏறினார்கள். டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு. எழுந்து போனால் இடம் போய்விடும் என்று பினாங்கு வரும்வரை யாராவது ஒருவர் அந்தப் பாயில் உட்கார்ந்தே இருந்தார்களாம். இறங்குகிற இடத்தில் ஒருவர் பிரம்பும் கையுமாக நின்று, தலை தலையாகத் தொட்டு எண்ணினார்.

"பேரு கேக்கல. ஆட்டை எண்ணுற மாதிரி எண்ணினான்."

எண்பது வயதிலும் அப்பாயிக்கு அது ஆறவில்லை. அங்கிருந்து ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் அடைத்து வைத்து, நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு லோரியில் ஏற்றி, மலாயாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். குறைந்துபோன அந்த ஒருவரைப் பற்றிச் சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். கேட்டால் அப்பாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார்.

எண்ணுவதுதான் எங்கள் வீட்டுத் தொழில் என்று சொல்லலாம். அப்பா தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆள் வருகையைப் பதியும் எழுத்தராக இருந்தார். விடியும் முன்னே ஆட்கள் கூடும் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு ஒரு கோடு, வராதவர்களுக்கு ஒரு சுழி போடுவார். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைப்பாலத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் அதைத் திம்பாங் என்றுதான் சொல்வோம். லோரி ஏறும், எடை விழும், எழுதிக் கொடுப்பேன், லோரி இறங்கும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. இரவு ஷிப்டில் ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட ஓடும். அந்த நேரத்தில்தான் கப்பல் விபத்துகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

மூழ்கிய கப்பல் என்றதும் பலருக்கு முதலில் புதையல்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளை மலாக்காவுக்கு அழைத்துப் போனபோது ஃபுளோர் டி லா மார் என்ற போர்ச்சுகீசியக் கப்பலைப் போலவே கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 1511இல் மலாக்காவைக் கொள்ளையடித்துக்கொண்டு அல்புகெர்க் கிளம்பினான், சுமத்ரா ஓரத்தில் கப்பல் மூழ்கியது, அவன் தப்பித்துக்கொண்டான். அந்தத் தங்கத்தைப் பற்றி ஐந்நூறு வருடமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் மனம் போவதில்லை. எந்த விபத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது பட்டியலைத்தான். யார் யார் ஏறினார்கள், அதை யார் எழுதினார்கள், எழுதியது சரியா?

இந்தப் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று நன்றாகத் தெரியும். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழா. நாங்கள் மாரியம்மன் கோயில் குடும்பங்கள்தான். ஆனாலும் எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லைனிலிருந்து வருடம் தவறாமல் யாராவது அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அன்றே பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் அம்மன் விழாவும் சேர்ந்துகொண்டது. இந்தக் கூட்டமெல்லாம் பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வந்தது. மாலையில், ஃபெர்ரிக்குக் காத்திருந்தவர்கள் நின்ற மேல்தளம் அப்படியே கீழே விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,634 பேர் காயப்பட்டார்கள். ஒருவரும் இன்னும் படகில்கூட ஏறவில்லை. ஆனாலும் இதைக் கடல் விபத்துகளோடுதான் நான் சேர்க்கிறேன். கடலைக் கடக்கப் போனவர்கள் அவர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அன்று காலை திருவிழாவுக்குப் போனவர், அப்படியே பினாங்கையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இரவு எட்டு மணி வரை வரவில்லை. ரேடியோவில் செய்தி வந்ததும் லைனே வாசலில் நின்றது. அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார், என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். எனக்குப் பதினாலு வயது.

ஒரு மருத்துவமனைச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கையால் எழுதியது, அவசரமாக எழுதியது. நூறு பேர் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். அக்கா பேர் இல்லை. அவருடைய அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேர் இல்லையென்றால் பிணவறையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்பா நகரவில்லை. சுவர் பக்கத்தில் போய், மேலிருந்து கீழாக ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பெரட்டில் கூப்பிடுவாரே, அதே குரல். மலாய்க்கார எழுத்தர் தன் காதுக்குக் கேட்டதை எழுதியிருந்தார். பாதிப் பேர் தமிழர்கள், எல்லாருடைய பேரும் உடைந்து கிடந்தது. அப்பாவின் வாயில் அந்த உடைந்த பேர்கள் மெதுவாகத் தமிழாகித் திரும்பி வந்தன. சுற்றியிருந்தவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நடுவில் ஒருவர் "அது எங்க அம்மா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். இரண்டாவது தாளில் ஒரு பேர். அக்காவின் பேரில் பாதி, அவருடைய அப்பா பேரில் பாதி, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை எங்களுக்கும் கேட்டுவிட்டது. கால் முறிந்து, ஆறாவது கட்டிலில், உயிரோடு இருந்தார் அக்கா.

அதற்கு அப்புறம் எத்தனையோ கப்பல்களைப் பற்றிப் படித்தாகிவிட்டது. அந்தச் சுவர் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

உயிரோடு இருப்பவரைச் செத்தவராக எழுதிவிடுவது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் ஆதிரை கதை வருமே, அதுவே இதுதான். சாதுவன் போன கப்பல் உடைந்துவிடுகிறது. தப்பி வந்தவர்கள் அவனும் போய்விட்டான் என்று ஆதிரையிடம் சொல்கிறார்கள். அவள் தீ மூட்டி இறங்குகிறாள், தீ சுடவில்லை. அவனோ ஒடிந்த மரத்தைப் பிடித்து நீந்தி, நாகர் வாழும் மலைப் பக்கம் கரையேறிக் கிடக்கிறான். அந்தக் கதையில் எனக்குத் தீ சுடாததைவிட முக்கியமாகப்படுவது, கரைக்கு வந்தவர்கள் கணக்கைத் தவறாகச் சொன்னார்கள் என்பதுதான்.

நம் பினாங்கிலிருந்து போன கப்பல் ஒன்றிலேயே இது நடந்திருக்கிறது. 1880 ஜூலையில் ஜெட்டா என்ற நீராவிக் கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி, பினாங்கிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, ஹஜ் பயணிகள் 900க்கும் மேற்பட்டவர்களோடு அரபு நாட்டுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ எல்லாரும் டெக் பயணிகள். இந்தியப் பெருங்கடலில் புயல் காற்று. கொதிகலன்கள் இருந்த இடத்திலிருந்து அசைந்து, குழாய்கள் உடைந்து, தண்ணீர் உள்ளே வந்தது. பயணிகள் மாறி மாறி நின்று தண்ணீரை இறைத்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஆப்பிரிக்கக் கொம்புமுனை அருகே ஓர் இரவு, கேப்டன் கிளார்க் தன் மனைவியோடும் அதிகாரிகளோடும் உயிர்ப்படகில் இறங்கிப் போய்விட்டார். வேறொரு கப்பல் அவர்களை எடுத்து ஏடனில் விட்டது. கப்பல் மூழ்கிவிட்டது, பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள்.

மறுநாள் ஏடன் துறைமுகத்துக்குள் ஆன்டெனோர் என்ற கப்பல் வந்தது. அதன் பின்னால் கயிற்றில் ஜெட்டா. டெக் நிறைய ஜனம். விட்டுவிட்டுப் போன கப்பலை மூழ்கவிடாமல் அவர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

விசாரணை நடந்தது. கேப்டனின் சான்றிதழை மூன்று வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். 900 பேரைச் சாகவிட்டு, செத்துவிட்டார்கள் என்று கணக்கும் எழுதிக் கொடுத்தவருக்கு மூன்றே வருடம். இதைப் படித்த இரவு எனக்குக் கோபம் தாங்கவில்லை. லோரிக்காரர் ஒருவரை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் எடைச்சீட்டைக் கொடுத்தேன். அதன் பிறகு கப்பலின் முதல் அதிகாரியைப் பற்றித்தான் உலகம் நிறைய எழுதியது. இறைத்தவர்களில் ஒருவருடைய பேரும் என் கண்ணில் படவில்லை.

இப்போது ரஜூலாவுக்கு வருகிறேன்.

மலேசியத் தமிழர் வீடுகளில் ரஜூலா பேர் தெரியாத பழைய தலைமுறை இருக்காது. 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். இதுதான் அதன் பாதை. 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி வாங்கிய கப்பல் அது. 5,000 பேர்! எங்கள் நிபோங் திபாலில் தைப்பூசத்தன்று கோயில் தெருவில் நிற்கும் கூட்டத்தை அப்படியே தூக்கி ஒரு கப்பலில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு வெகுநாள் தெரியாமல் இருந்த ஒன்று உண்டு. ரஜூலா தனியாகப் பிறக்கவில்லை. அதே வருடம், அதே கம்பெனிக்கு, அதே மாதிரியில், இங்கிலாந்தில் வேறொரு தளத்தில் இன்னொரு கப்பல் கட்டினார்கள். அதன் பேர் ரோனா. இரண்டும் மாறி மாறி இதே பாதையில் ஓடின. உங்கள் தாத்தா ரஜூலாவில் வந்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் ரோனாவில்கூட வந்திருக்கலாம்.

போர் வந்ததும் இரண்டையும் படையினரை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கரைக்கு அருகே மத்தியதரைக் கடல். ரோனாவில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படையினர், பம்பாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாலையில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. அவற்றில் ஒன்று விட்டது சாதாரணக் குண்டு அல்ல. ஹென்ஷல் 293. விமானத்திலிருந்தபடியே ரேடியோவால் திருப்பி ஓட்டக்கூடிய, இறக்கை வைத்த குண்டு. அது ரோனாவின் இடது பக்கம் நுழைந்து என்ஜின் அறைப் பக்கத்தில் வெடித்தது. வலது பக்கத் தகடுகளும் பிய்ந்தன. கப்பலில் 22 உயிர்ப்படகுகள் இருந்தன. எட்டு மட்டுமே தண்ணீரில் இறங்கின, அவற்றிலும் பல நிரம்பியோ கவிழ்ந்தோ போயின. கடல் கொந்தளிப்பாக இருந்தது, இருட்டிவிட்டது. கடலில் வெடிகண்ணிகளை வாரி அகற்றும் பயனியர் என்ற அமெரிக்கக் கப்பல் மட்டும் 606 பேரைத் தூக்கி எடுத்தது. இறந்தவர்கள் 1,138. அதில் அமெரிக்கர் 1,015 பேர்.

அந்தப் புதுக் குண்டைப் பற்றி வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் இதைப் பல வருடம் மூடி வைத்தது. பிள்ளைகளை எப்படி இழந்தோம் என்று தெரியாமலே பெற்றவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொடுமைதான். ஆனால் நான் இன்னொரு கணக்கைப் பார்த்தேன்.

ரோனாவின் மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள், லஸ்கர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். தப்பிய படையினர் சிலர் பின்னாளில், மாலுமிகள் படகுகளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். அந்த இருட்டில், அந்தப் பயத்தில் அவர்கள் கண்ணுக்கு என்ன பட்டதோ. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. நான் எண்களைப் பார்க்கிறவன். சுமார் 2,000 படையினரில் 1,015 பேர் இறந்தார்கள், பாதிக்குப் பாதி. மாலுமிகள் 195 பேரில் 117 பேர் இறந்தார்கள், ஐந்துக்கு மூன்று பேர். படகை எடுத்துக்கொண்டு ஓடிய கூட்டத்தில் இத்தனை பேர் எப்படிச் சாவார்கள்? ஒரு லோரியின் எடை பொருந்தவில்லை என்றால் நான் திரும்ப ஏற்றிப் பார்க்கச் சொல்வேன். இந்தக் கணக்கையும் யாராவது திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அந்தப் போரில் இறந்த இந்தியக் கடலோடிகள் 6,000க்கும் மேற்பட்டோருக்கு ஒரு நினைவுப் பதிவேடு இருக்கிறது. இரண்டே பிரதி. ஒன்று மும்பையில், மற்றது சிட்டகாங்கில். அந்தப் புத்தகத்தை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும், பக்கம் பக்கமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அப்பா இருந்திருந்தால் கூட அழைத்துப் போயிருப்பேன்.

சரி, டெக் பயணிகளுக்கு வருவோம். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் சுமார் 2,200 பேர், படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். அது சட்டத்தை மீறவில்லை, பழைய சட்டம் கேட்டதைவிடக் கூடவே படகு வைத்திருந்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அந்த அதிர்ச்சியில்தான், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று நாடுகள் கூடிப் பேச ஆரம்பித்தன. 1929இல் லண்டனில் ஒப்பந்தம் ஆயிற்று. அதுவரை சரி.

அதே ஒப்பந்தத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். யாத்திரை போன்ற தடங்களில், படுக்கை இடம் இல்லாத பயணிகளைக் கூட்டமாக ஏற்றும் கப்பல்களுக்கு விலக்குக் கொடுக்கலாம், அவற்றுக்கு வேறு விதி எழுதிக்கொள்ளலாம் என்று. அந்த வேறு விதி 1931இல் இமயமலையிலுள்ள சிம்லாவில் எழுதப்பட்டது. சிம்லா விதிகள் என்றே அதற்குப் பேர். 1971இல் புதிய உடன்படிக்கை வரும்வரை அதுதான் நடப்பு. படுக்கை இல்லாத பயணி என்ற அந்த வார்த்தையை முதலில் பார்த்தபோது, அப்பாயியின் பாய்தான் என் கண் முன்னே வந்தது. உலகம் டைட்டானிக்கில் கற்ற பாடம் கேபினில் படுத்தவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முடிந்த மட்டும் என்று எழுதி வைத்தார்கள்.

ரஜூலா அந்த விதியின் கீழ் நாற்பது வருடம் நம் ஜனங்களை ஏற்றி இறக்கியது. போரிலிருந்து திரும்பி வந்தது, புயல்களைத் தாண்டியது, கடைசியில் 1974இல் நல்லபடியாக உடைபடப் போனது. நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ரோனாவிலும் அதே உடம்பு, அதே படகுகள். அதற்கப்புறம் ஓடிய சிதம்பரம் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பலையே உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் நமக்குமான கடல் வழி அதோடு முடிந்தது. அந்தக் கப்பலில் சாமான் கட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஐம்பது கிலோ வெங்காயமும் ஒரு தையல் மெஷினும் கொண்டு வந்த கதையை மணிக்கணக்கில் சொல்வார்கள். தீயைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கணக்கு என்றதும் தென்கொரியாவின் செவோல் கப்பலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஏப்ரல் 16. 476 பேர் ஏறியிருந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கப்பலில் 987 டன் சரக்குத்தான் ஏற்றலாம் என்று அனுமதி. ஏற்றியது 2,000 டன்னுக்கும் மேல்.

இதை நான் திம்பாங்கில் உட்கார்ந்து பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கப்பலின் வெளிப்பக்கத்திலும் ஒரு கோடு உண்டு. பாரம் ஏற ஏற கப்பல் அமிழும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால் பாரம் அதிகம் என்று துறைமுகத்தில் பார்த்தவுடனே தெரியும். பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சோல் என்பவர் சண்டை போட்டு 1876இல் சட்டமாக்கிய கோடு அது, எங்கள் எடைப்பாலத்தின் பாட்டன் என்று சொல்லலாம். செவோலில் என்ன செய்தார்கள் என்றால், மேலே சரக்கைக் கூட்டிவிட்டு, கோடு தண்ணீருக்குள் போகாதபடி அடிவயிற்றில் நிறுத்தும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வெறும் சுமை அல்ல. கப்பல் சாய்ந்தால் அதைத் திரும்ப நிமிர்த்துவது அந்த அடிப்பாரம்தான். எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் பழக்குலையைக் குடும்பி மாதிரி உயரமாக அடுக்கிய லோரி, வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். செவோல் திரும்பியது, சாய்ந்தது, நிமிரவில்லை. கேபினிலேயே இருங்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவிப்பு. கேப்டன் முதலில் வெளியேறியவர்களில் ஒருவர்.

அன்று பகலில் பிள்ளைகள் எல்லாரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று செய்தி வந்தது. 368 பேர் மீட்பு என்று அரசாங்கமே சொன்னது. பிறகு அந்த எண் பாதிக்கும் கீழே விழுந்தது. கடைசிக் கணக்கு, இறந்தவர் 304. ஜெட்டாவில் உயிரோடு இருந்தவர்களைச் செத்தவர்களாக எழுதினார்கள். செவோலில் கப்பலுக்குள் சிக்கியிருந்தவர்களைக் கரையேறியவர்களாக எழுதினார்கள். இரண்டிலும் கரையில் ஒருவர் பேனாவோடு இருந்தார். அந்தப் பெற்றோர்களை நினைத்தால் மருத்துவமனைத் தரையில் உட்கார்ந்த அந்த அண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

பிலிப்பைன்சின் டோனா பாஸ் கப்பலுக்குப் பட்டியலே பொய். 1987 டிசம்பர் 20, கிறிஸ்துமசுக்கு ஊர் திரும்பும் கூட்டம், எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதித் தீப்பிடித்தது. பட்டியலில் இருந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. இறந்தவர்கள் 4,000க்கும் மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். இரண்டு கப்பலிலும் சேர்த்துத் தப்பியவர்கள் 26 பேர். பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பேரே இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போன நம் ஆட்களைப் பற்றி நமக்குத் தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள், திரும்பவில்லை. அதே ஜப்பானியர்கள் சுமத்ராவிலும் ஒரு ரயில்பாதை போட்டார்கள். அதற்கு ஆள் ஏற்றிப் போன ஜுன்யோ மாரு என்ற கப்பலை 1944 செப்டம்பர் 18 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று, உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் தாக்கி மூழ்கடித்தது. 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர்க் கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, அவர்கள் பேர் கல்லில் இருக்கிறது. அந்தக் கப்பலில் அவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஜாவா தொழிலாளர்கள் இருந்தார்கள். சுமார் 4,200 பேர் என்று ஓர் எண் மட்டும் இருக்கிறது.

அப்பா காலமானபோது அவருடைய பெட்டியில் எழுதாத செக்ரோல் புத்தகம் ஒன்று கிடைத்தது. நீளமான புத்தகம். இடது பக்கம் பேருக்கு ஒரு பத்தி, அப்புறம் முப்பத்தொரு கட்டம். தோட்டம் மூடி, கித்தா வெட்டி, செம்பனை நட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. எடுத்து வைத்துக்கொண்டேன். ஊரில் கப்பலில் வந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து கேட்பேன். எந்தக் கப்பல், எந்த வருடம், எங்கே ஏறினீர்கள், கூட வந்தது யார், வழியில் யாராவது தவறிப்போனார்களா? கடைசிக் கேள்விக்கு நிறைய பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிலர் சொல்வார்கள். காய்ச்சலில் போன சித்தி, பிரசவத்தில் போன அண்ணி. துணியில் சுற்றி, கம்பி கட்டிக் கடலில் இறக்கியதை நேற்றுப் பார்த்த மாதிரி சொல்வார்கள். இதுவரை முப்பத்தெட்டு பேர் எழுதியிருக்கிறேன்.

முதல் வரி 2008இல் எழுதியது. அப்பாயி அப்போது படுக்கையோடு இருந்தார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஆறாவது ஆள் யார் அப்பாயி என்று கேட்டேன். அன்றைக்கு வெற்றிலை கேட்கவில்லை.

"கைப்பிள்ளை. மூணு மாசம். அஞ்சாம் நாளு ஜுரத்துல போயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். பினாங்கில் பிரம்புக்காரர் எண்ணிக்கொண்டே வந்து இவர்களிடம் அஞ்சு என்றாராம். "எங்கம்மா ஆறுன்னு சொல்லிச்சு. அவன் திரும்ப எண்ணினான், அஞ்சுன்னான். அம்மா திரும்பவும் ஆறுன்னு சொல்லிச்சு. அப்பாதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாரு."

"பேரு என்ன அப்பாயி?"

"வைக்கல. புது ஊருல இறங்கினதும் கோயில்ல வச்சுக்கலாம்னு இருந்தாங்க. தம்பின்னுதான் கூப்பிடுவோம்."

பேர்ப் பத்தியில் தம்பி என்று எழுதினேன். பக்கத்தில் ரஜூலா, 1937, நாகப்பட்டினம். அப்பாயி புத்தகத்தைக் கிட்டே கொண்டு வரச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தேன்.